மாலைத் தேநீரும் இரவு நித்திரையும்

"இரவில் நித்திரை வருவதில்லை" என்று முறையிடுவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுட் சிலர் மெத்தையைக் குறை கூறுவர். சிலர் அயல் வீட்டு நாயைக் குறை கூறுவர். முதியோர் தம் வயதையே குறை கூறி அமைதி பெறுவர். அன்று மாலை தாம் அருந்திய தேநீரைக் குறை கூறுவோர் மிக அரியர். இதில் வியப்பில்லை. கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தேயிலை வெறும் பானம் அன்று. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட செடி அது. சோறு போட்ட கையைச் சந்தேகிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்னர் இம்மலைகளில் கோப்பியே அரசு செலுத்தியது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தொழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பயிர் மாறிற்றேயொழிய, அதனுள் இருந்த சரக்கு மாறவில்லை. கோப்பிக் கொட்டையிலும் தேயிலைக் கொழுந்திலும் இருப்பது கஃபீன் என்னும் ஒரே பொருளே. 1819இல் றுங்கே என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் அதனைக் கோப்பிக் கொட்டையினின்றும் முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்.

இப்பொருள் நம் மூளையிற் செய்யும் வேலை சுவையானது. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அடினோசின் என்னும் பொருள் மூளையிற் சிறிது சிறிதாகச் சேர்கின்றது. அது தனக்குரிய இருக்கைகளில் அமர அமர, கண் கனக்கிறது. உடல் ஓய்வை நாடுகிறது. கஃபீனோ, அந்த இருக்கைகளில் முந்திச் சென்று அமர்ந்துகொண்டு அடினோசினை வாயிலில் நிறுத்திவிடுகிறது. ஆகவே தேநீர் களைப்பைத் தீர்ப்பதில்லை. களைப்பு வந்திருக்கும் செய்தியை நம்மிடமிருந்து மறைக்கின்றது. காலையில் இவ்வஞ்சனை நமக்கு உதவியாகவே இருக்கும். மாலையில் அதுவே இடையூறாகிறது.

எவ்வளவு நேரத்துக்கு இவ்விடையூறு? உள்ளே சென்ற கஃபீனிற் பாதியை வெளியேற்ற, வளர்ந்தவர்களின் உடலுக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் செல்லும். ஒரு கோப்பைத் தேநீரில் 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருக்கும் எனக் கொள்வோம். மாலை 5.30 மணிக்கு 40 மில்லிகிராம் அருந்தியவர் இரவு 10.30 மணிக்குப் படுக்கும்போது 20 மில்லிகிராம் இன்னும் அவருடன் படுக்கிறது. இஃது ஒரு கோப்பைக் கணக்கு. நம் வீடுகளிலோ விடியலில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, விருந்தினர் வந்தால் அவருடன் ஒன்று, இராச் சாப்பாட்டின் பின் 'வாய்க்கு' ஒன்று என்று தேத்தண்ணீர் நடக்கிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2013இல் வெளியிட்ட ஒரு சோதனையில், 400 மில்லிகிராம் கஃபீனை, படுக்கைக்கு 6 மணி நேரம் முன்னதாகவே உட்கொண்டவர்களுக்குங்கூட நித்திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. அஃது ஏறக்குறைய பத்துக் கோப்பைத் தேநீருக்குச் சமமான பெரிய அளவுதான். எனினும் 6 மணி நேரம் போதாது என்பது கவனிக்கத்தக்கது.

பால் சேர்த்தால் தீங்கில்லை என்பார் பலர். பால், சாயத்தின் நிறத்தை மாற்றுமேயன்றிக் கஃபீனைக் குறைக்காது. இஞ்சித் தேத்தண்ணீரும் பச்சைத் தேயிலையும் அவ்வாறே. நம் கடைகளில் விற்கும் தூள் தேயிலை விரைவிற் சாயம் இறங்குவது. அதனை நெடுநேரம் ஊறவைத்தால் கஃபீனும் கூடுதலாக இறங்கும். "நான் எத்தனை குடித்தாலும் நித்திரை கொள்வேன்" என்று பெருமை பேசுவோரும் உளர். மனிதருக்கு மனிதர் இவ்விஷயத்தில் வேறுபாடு மிகுதி என்பது மெய்யே. ஆனால் நித்திரை வருவது வேறு, அது ஆழ்ந்திருப்பது வேறு. படுத்தவுடன் கண்ணயர்ந்து, இரவில் மூன்று முறை விழித்து, காலையில் அடித்துப்போட்டாற்போல் எழும்புபவர், தமக்குக் குறையொன்றுமில்லை என்று எண்ணிக்கொள்கிறார். கர்ப்பிணிகளின் உடலில், விசேஷமாகப் பிந்திய மாதங்களில், கஃபீன் இன்னும் பன்மடங்கு நேரம் தங்கும் என்பதையும் வீட்டிலுள்ளோர் அறிந்திருத்தல் வேண்டும்.

அவ்வாறாயின் மாலையில் வீடு தேடி வருபவருக்கு எதைக் கொடுப்பது? தேநீர் கொடாது அனுப்பிய வீடு என்ற பெயரைச் சம்பாதிக்க எந்த இல்லத்தரசியும் விரும்பாள். இதற்கு விடை நம் நாட்டிலேயே உண்டு. ரணவரா என்று சிங்கள மக்கள் அவித்துக் குடிப்பது நம் ஆவாரம் பூவே. பெலிமல் என்பது வில்வம் பூ. இரண்டிலும் கஃபீன் இல்லை. கொத்தமல்லியை வறுத்து அவித்த நீரும் நன்று. கருப்பட்டித் துண்டொன்றைக் கூட வைத்துக் கொடுத்துப் பாருங்கள். தேத்தண்ணீர் எங்கே என்று கேட்பவர் அதிகமிரார்.

தேநீரைப் பற்றி இன்னுமொன்று. இரவில் கால் உளைகிறது, நீட்டினாலும் மடக்கினாலும் நிம்மதியில்லை, எழுந்து நடந்தாற்றான் சுகம் என்று சொல்லும் பெண்கள் பலர். இதனை நடந்த களைப்பென்று எண்ணித் தைலம் தேய்த்துவிடுவது வழக்கம். உடலில் இரும்புச் சத்துக் குறைந்தாலும் இவ்வகைக் கால் உளைச்சல் வரும். சோற்றுடனோ, சாப்பிட்ட கையுடனோ தேநீர் அருந்தினால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பை உடல் ஏற்கவிடாது தடுக்கும். நாள் முழுவதும் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண், அரைச் சாப்பாட்டுடன் ஒரு கோப்பைச் சாயத்தைக் குடித்துவிட்டு, இரவில் உளையும் காலுடன் புரளுகின்றாள் என்றால், அவள் இழப்பது பகலிலும் உண்டு, இரவிலும் உண்டு. சாப்பாட்டுக்கும் தேநீருக்குமிடையே ஒரு மணி நேரமேனும் இருக்கட்டும். உளைச்சல் தொடருமாயின் அரசாங்க வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

இனித் தேநீரை விட்டு வெளிச்சத்துக்கு வருவோம். நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. அது ஓடும் விதத்தை ஆராய்ந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். காலையில் வெளிச்சத்தைக் கண்ட கண்ணுக்கே இரவில் உரிய வேளையில் நித்திரை வரும். அரசாங்கங்கள் சுவர்க் கடிகாரத்தை மாற்றலாம். சூரியனை மாற்றுதல் இயலாது. 1996 மே மாதத்தில், வறட்சியால் நீர்மின் உற்பத்தி குறைந்து மின்வெட்டு ஏற்பட்ட வேளையில், இலங்கை தன் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்வாங்கியது. பழைய நேரம் முழுதாகத் திரும்பியது 2006 ஏப்ரலிலேதான். அப்பத்தாண்டுகளில் இருட்டிலே பிள்ளையைக் குளிப்பாட்டி, இருட்டிலே சோறு கட்டி, இருட்டிலே பஸ் ஏற்றிய தாய்மார் பலர் இன்று பாட்டிமாராகிவிட்டனர். அந்நாளைப் பற்றிக் கேட்டால் கதை கதையாகச் சொல்லுவர்.

பழைய தோட்டங்களில் விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தனர். அதில் கொடுமை இருந்தது. அதை நாம் மறக்கவில்லை. ஆயினும் நாள்தோறும் ஒரே வேளையில் எழுந்து, உடனே வெட்டவெளிக்கு வந்தவர்களுக்கு, இரவில் நித்திரையைத் தேடி அலையவேண்டிய தேவை குறைவாயிருந்திருக்கும். இன்று நகரத்து வீட்டில் நாம் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிவரை படுத்திருந்துவிட்டு, அன்றிரவு நித்திரை வரவில்லையென்று திங்கட்கிழமையைச் சபிக்கிறோம். கண்டி மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர். மூடுபனியால் வெயில் தாமதித்தே எட்டும். அதனால் பாதகமில்லை. மேகம் மூடிய காலையிற்கூட வெளியே 1000 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கிடைக்கும். வீட்டுக்குள் விளக்கடியிலோ சில நூறுதான். பல் துலக்கும் நேரத்தை முற்றத்தில் செலவிட்டாற் போதும்.

பிள்ளைகளின் கணக்கே நம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது. 6 முதல் 12 வயது வரையுள்ளோருக்கு 9 மணி நேரமும் அதற்கு மேலும், 13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு 8 முதல் 10 மணி நேரமும் நித்திரை வேண்டுமென்று வைத்தியர்கள் வரையறுத்துள்ளனர். கண்டிப் பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது. கம்பளையிலிருந்தோ வத்துகாமத்திலிருந்தோ வானிலும் பஸ்ஸிலும் வரும் பிள்ளை 5 மணிக்கு எழவேண்டும். பத்து வயதுப் பிள்ளையாயின் இரவு 8 மணிக்கு அது நித்திரையாகியிருக்க வேண்டும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஆறரை மணிவரை ரியூஷன் வகுப்பு, பின்னர் வீட்டுப்பாடம், பின்னர் சாப்பாடு; எட்டு மணிக்கு விளக்கணைக்கும் வீடு எங்கே இருக்கிறது? வாரத்தில் இரண்டு மாலை வகுப்பையாவது குறைத்துப் பிள்ளையைப் படுக்கைக்கு அனுப்பும் தந்தை, அதன் படிப்பைக் கெடுக்கிறாரென்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம்.

க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவரோ இதற்கும் ஒருபடி மேலே செல்கின்றனர். சுடுதண்ணீர்ப் போத்தல் நிறையச் சாயத்தை அருகில் வைத்துக்கொண்டு இரண்டு மணிவரை கண்விழிப்பது வீரமென்று எண்ணுகிறார்கள். தாய்மாரும் பரிவுடன் அப்போத்தலை நிரப்பிக் கொடுக்கிறார்கள். 1924இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெங்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் ஒரு சோதனை நடத்தினர். மாணவர் இருவர், பொருளற்ற அசைகளை மனனம் செய்துவிட்டுச் சில வேளை உறங்கினர். சில வேளை விழித்திருந்தனர். உறங்கி எழுந்தபோது நினைவில் நின்றவை, அதே அளவு நேரம் விழித்திருந்தபின் நின்றவற்றிலும் மிகுதியாயிருந்தன. இரண்டே பேர் மீது செய்த சிறு சோதனைதான். எனினும் பின்வந்த ஆராய்ச்சிகள் பலவும் அவ்வழியே சென்றன. பகலிற் படித்ததை மூளை இரவில் அடுக்கி வைக்கிறது. பத்து மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்து படிப்பவனிடம், அடுக்கி வைத்த அலுமாரி ஒன்று இருக்கிறது. இரண்டு மணிவரை விழித்தவனிடம் இருப்பது தரையில் குவித்த புத்தகங்கள்.

கைத்தொலைபேசியைப் பற்றி எல்லாரும் எல்லாவிடத்தும் எழுதிவிட்டனர், நாம் நீட்டவில்லை. படுக்கையறைக்கு வெளியே அதற்கு ஓரிடம் கொடுங்கள். எழுப்புவதற்குப் பழைய எலார்ம் மணிக்கூடு போதும். பகல் நித்திரை அரைமணிக்கு மேற்படாமலும் மூன்று மணிக்குப் பிந்தாமலும் இருத்தல் நன்று. இராச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மணி இடைவெளி வேண்டும். இரவு ஒன்பதரைக்குக் கொத்து ரொட்டி உண்டவர் நித்திரைக்காகப் பிரார்த்திப்பதிற் பயனில்லை. மார்கழி, தை மாதங்களில் கண்டியில் இரவுக் குளிர் 20 பாகைக்குக் கீழே இறங்கும். அப்போது எல்லாச் சன்னல்களையும் அடைத்துத் தலைவரை போர்த்து மூடுவதைவிட, படுக்குமுன் இளஞ்சூட்டு நீரில் காலை வைத்திருந்து துடைத்து, காலுக்குக் கம்பளி உறை அணிந்து, சன்னலை ஒரு விரற்கடை திறந்து வைப்பது சுகம். பாதம் வெம்மையுற்றால் உடலின் உட்சூடு வெளியேறித் தணியும்; தணியும்போதே நித்திரை வரும்.

இவையாவும் வழக்கத்தால் கெட்ட நித்திரைக்கே பொருந்தும். குறட்டை விட்டுக்கொண்டே திடீரென மூச்சு நின்று, திணறி விழிப்பவருக்குத் தேநீரை நிறுத்துவது மருந்தாகாது. அவர் வைத்தியரைக் காணவேண்டும். அதையும் பிற்போடாது காணவேண்டும். அயலார் கொடுத்த நித்திரைக் குளிசையை வாங்கி விழுங்குவதும் ஆகாது.

ஆண்டுதோறும் நிகழும் கண்விழிப்புக்களைப் பற்றிச் சிலர் கேட்கக்கூடும். சிவராத்திரி ஓர் இரவு. எசலப் பெரஹராவோ கும்பல், ரந்தோலி என்று பத்து இரவுகள் வீதி வலம் வருவது. யானையும் தீப்பந்தமும் பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் துள்ளுவதைத் தடுப்பது அழகன்று. இரண்டோர் இரவு பார்த்துவிட்டுப் பிந்திப் படுத்தாலும், மறுநாள் வழக்கமான வேளையில் எழுப்பி, பகலுணவின் பின் சற்றே கண்ணயர விட்டால், விரைவில் கணக்கு நேராகிவிடும். வீதியோரத்தில் விற்கும் பால் தேத்தண்ணீரை மட்டும் அவர்களுக்கு வாங்கிக் கொடாதிருங்கள். கச்சான் வாங்கிக் கொடுக்கலாம்.