மைதானத்தைப் பிடுங்கிக்கொண்டு பேசும் நியாயம்

தாம்பரம் பக்கம் ஒரு குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம். பூங்காவை ஒட்டிய காலி இடத்தை கார் நிறுத்த ஒதுக்கிவிடலாம் என்று பேசிய பெரியவர் மூன்று காரணங்கள் சொன்னார். பெண் பிள்ளைகள் யாரும் அங்கே விளையாட வருவதில்லை. வந்தாலும் பாதுகாப்பு கிடையாது. கண்ணகி நகர்ப் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை, கபடி ஆடுகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் படிக்கிற பிள்ளைகள், அவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? பேசி முடித்ததும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குத்தான் இந்த எதிர்வினை. இதே பேச்சை சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் மேடவாக்கத்திலும் கேட்க முடிகிறது.

மூன்றாவது காரணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூன்றிலும் அதுதான் கேவலமானது.

கண்ணகி நகர், 2000 முதல் சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்கியவர்கள் இந்த ஊரில் உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில், இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது. அந்த அணியின் துணைத் தலைவி கண்ணகி நகர் கார்த்திகா. தமிழக அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது.

வேறு வழியில்லாதவர்கள் செய்கிற வேலையா இது? கபடியில் ஒரு ரைடுக்கு 30 நொடி. மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிரணிக்குள் போக வேண்டும். ஏழு பேரின் கையும் காலும் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்க வேண்டும். போனஸ் கோட்டைத் தாண்டுவதா, கார்னரில் நிற்பவளைத் தொட்டுவிட்டுத் திரும்புவதா என்று அந்தக் கணத்திலேயே முடிவெடுக்க வேண்டும். பல வருடம் முட்டி தேய்ந்து கற்றுக்கொள்கிற வித்தை அது. அதை வறுமையின் கணக்கில் எழுதுகிறவர், அந்தப் பெண்களின் உழைப்பைத் திருடுகிறார். அதே வாயால் தன் வீட்டுப் பெண்ணுக்கும் அந்த வித்தையை மறுக்கிறார்.

படிப்பு கெடும் என்பதும் பொய். கடலூரிலிருந்து கிளம்பி இந்தியக் கால்பந்து அணிவரை போன இந்துமதி கதிரேசன் தமிழகக் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கென்று தனி இடங்கள் இருக்கின்றன. கணக்கு டீச்சர் பி.டி. பீரியடைக் கடன் வாங்கும்போது தலையாட்டுகிற பெற்றோர், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று யோசிப்பதே இல்லை.

இனி, பெண் பிள்ளைகள் வருவதில்லை என்ற வாதம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நம் பகுதியில் எந்த மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். நடுவில் டென்னிஸ் பந்து கிரிக்கெட். ஒரே நேரத்தில் மூன்று ஆட்டம், ஒன்றின் ஃபீல்டர் இன்னொன்றின் பிட்ச்சில் நிற்பான். ஓரத்தில் பைக்குகள். பெண் பிள்ளைகள் நான்கு பேர் ஷட்டில் மட்டையோடு வந்தால் சுவரோரம் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் இடம். கழிப்பறை இருந்தால் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. டிரஸ் மாற்ற வேண்டுமென்றால் இரண்டு தோழிகள் துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆறு மணி தாண்டினால் விளக்கு எரியாது, வீட்டிலிருந்து போன் வந்துவிடும். இத்தனையையும் செய்து வைத்துவிட்டு, அவர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது?

பெண்களுக்கான கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஏழெட்டு கார் நிறுத்துகிற இடம், அவ்வளவுதான். ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. நம் இடம் பள்ளி மைதானம் இல்லைதான்; ஆனால் பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டும் என்ற அந்தச் சட்டத்தின் நோக்கத்தையே ஏழெட்டுக் காருக்காகத் தூக்கிப் போடச் சொல்கிறார் பெரியவர்.

பாதுகாப்பு உண்மையான பிரச்சினைதான், அதை நான் மறுக்கவில்லை. மல்யுத்தத்தில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற சாக்‌ஷி மாலிக்கே பாலியல் புகாரோடு 2023-இல் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார வேண்டியிருந்தது. ஆனால் அந்த மல்யுத்த வீராங்கனைகள் விளையாட்டை மூடச் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரைப் பொறுப்பிலிருந்து இறக்கச் சொன்னார்கள். சிறுமிக்கு ஆபத்து என்றால் அப்புறப்படுத்த வேண்டியது ஆபத்தை. விளக்குப் போடுங்கள், கழிப்பறையைத் திறங்கள், பெண் பயிற்சியாளரை வையுங்கள். இதில் ஒன்றையும் கேட்காமல் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவருக்குச் சிறுமிகள் மீது அக்கறை இல்லை, அந்த இடத்தின் மீதுதான் கண்.

பெண் உடம்பு தாங்காது என்ற பழைய பல்லவியும் அவர் பேச்சின் நடுவே வந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடிக் களைத்ததைக் காரணம் காட்டி, 1960 வரை அந்தப் பந்தயத்தையே நிறுத்தி வைத்தார்கள். அதே 800 மீட்டரில் 2006 தோஹா ஆசியப் போட்டியில் வெள்ளி வென்றவர் புதுக்கோட்டை சாந்தி சவுந்தரராஜன். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்து, உலகத்தின் முன்னால் அவமானப்படுத்தினார்கள். அவர் என்ன செய்தார்? ஊருக்குத் திரும்பி, புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். இதைவிடப் பெரிய பதிலை நான் அறியேன்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தைத் தவறவிட்டது நமக்குத் தெரியும். அதில் தங்கம் வென்றவர் மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில். பிற்பாடு உஷா கேரளத்தில் சிறுமிகளுக்குத் தடகளப் பள்ளி தொடங்கினார். நவால் காசாபிளாங்காவில் பெண்களுக்கென்றே ஓட்டப் பந்தயம் தொடங்கினார், பல்லாயிரம் பெண்கள் தெருவில் இறங்கி ஓடினார்கள். சென்னையின் அனிதா பால்துரை இந்தியக் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கினார், குழந்தை பெற்ற பிறகும் களத்துக்குத் திரும்பினார், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். பெண் உடம்பைப் பற்றிப் பேச இவர்களுக்குத் தகுதி உண்டு. பெரியவருக்கு இல்லை.

அந்தக் காலி இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் வார்டில் அடுத்த பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது போய், பெண் பிள்ளைகளுக்கு ஒரு கபடிக் களமும் விளக்கும் திறந்த கழிப்பறையும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். போகும்போது உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளே பேசட்டும்.