சீனியர் தேனா, சீனியர் டுவா?

தமிழில் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுக் கூறுவது எளிது. 'அந்தோணியை விடச் சேவியர் பெரியவன்' என்கிறோம். 'பெரியவன்' என்னும் சொல் சற்றும் மாறுவதில்லை. 'விட' என்பதோ 'காட்டிலும்' என்பதோ பெயரை அடுத்து நின்று வேலையை முடித்துவிடுகிறது. உயரமாயினும், அறிவாயினும், பதவியாயினும் அவ்வொரு சொல்லே போதும். ஆங்கிலத்தில் அவ்வாறன்று. நம் பிள்ளைகள் இடறும் இடமும் அதுவே.

'விட' என்றால் 'தேன்' என்று பள்ளியில் மனனம் செய்த மாணவன், வளர்ந்து அலுவலில் அமர்ந்தபின் மேலதிகாரிக்கு ஒரு முறையீடு எழுதுகிறான். பணியில் தன்னினும் இளையவருக்குத் தனக்கு முன்னரே பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்பது அவன் குறை. 'ஹீ ஈஸ் ஜூனியர் தேன் மீ' என எழுதிவிடுகிறான். முறையீடு நியாயமானதே, ஆயினும் படிப்பவரின் கண் நியாயத்தில் தங்காமல் பிழையில் தங்கிவிடக்கூடும். எழுத வேண்டியது 'ஜூனியர் டு மீ' என்பதாகும்.

இதற்குக் காரணம் சொற்களின் பிறப்பிலே உள்ளது. ஆங்கிலம் தன் சொந்தச் சொற்களை ஒப்பிடும்போது ஈற்றில் 'ஈ, ஆர்' என்னும் எழுத்துக்களைச் சேர்க்கும். ஸ்ட்ராங்கர், ஓல்டர், ரிச்சர் என்பன இத்தகையவை. இவற்றை அடுத்து 'தேன்' வரும். வேறு சில சொற்களோ இலத்தீன் மொழியிலிருந்து ஒப்பீட்டு வடிவத்துடனேயே வந்து சேர்ந்தவை. அவற்றின் ஈற்றில் 'ஐ, ஓ, ஆர்' நிற்கும். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர் ஆகிய ஐந்தையும் நினைவில் கொண்டால் போதும். இவற்றை அடுத்து 'டு' வரும்.

இவை நம் குடும்பங்களுக்குப் புதிய சொற்களும் அல்ல. கன்னியர் மடத்துத் தலைவியை 'மதர் சுப்பீரியர்' என்று அழைக்கிறோம். 'மேலானவர்' என்பதே அதன் பொருள். துறவற மடங்கள் சிலவற்றின் தலைவரைப் 'பிரையர்' என்பர். 'முந்தியவர்' என்பது பொருள். 'மேலான', 'முந்திய' என்னும் கருத்துச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பதால், சுப்பீரியருக்கு முன் 'மோர்' சேர்ப்பதும் மிகையாகும்.

இவ்வெழுத்துக்களைப் பெறாவிடினும் 'டு'வையே நாடும் மற்றொரு சொல் 'ப்ரிஃபர்'. இதுவும் இலத்தீன் வழி வந்ததே. தேநீரினும் காப்பியை விரும்புகிறவர் 'ஐ ப்ரிஃபர் காஃபி டு டீ' என்றே கூற வேண்டும்.

'எல்டர்', 'ஓல்டர்' என்னும் இரண்டையும் பலர் மயங்குவர். அண்ணனுக்கும் தம்பிக்கும் நம்மிடம் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆங்கிலத்திலோ இருவரும் 'பிரதர்' தாம். ஆகவே மூத்தவரைக் குறிக்க 'எல்டர் பிரதர்' என்கின்றனர். அச்சொல் பெரும்பாலும் குடும்ப உறவுக்கு உரியது; அதனை அடுத்துத் 'தேன்' வாராது. வயதை ஒப்பிடும்போது 'ஹீ ஈஸ் ஓல்டர் தேன் மீ' என்பதே முறை.

எழுத்துப் பிழை ஒன்றையும் இங்கே குறிப்பிடுவோம். ஒப்பீட்டுச் சொல்லில் வருவது 'டி, எச், ஏ, என்'. 'ஏ' இருக்குமிடத்தில் 'ஈ' வந்தால் 'பிறகு' எனப் பொருள்படும் வேறு சொல்லாகிவிடும். பண்டு இரண்டும் ஒரே சொல்லாக இருந்தவை. 1700-ஆம் ஆண்டை ஒட்டியே எழுத்தில் தெளிவாகப் பிரிந்தன. இன்று அவற்றைக் கலந்தெழுதுவது பிழையே.

இறுதியாக, 'கம்பேர்' என்னும் சொல்லை அடுத்து 'டு' வருமா, 'வித்' வருமா? நம் மொழியே விடை தருகிறது. உவமை கூறினால் 'டு'. சீர்தூக்கிப் பார்த்தால் 'வித்'. நம் ஆண்டவர் விண்ணரசைக் கடுகு விதைக்கு ஒப்பிட்டார். அது உவமை, எனவே 'டு'. மகனுடைய இவ்வாண்டு மதிப்பெண்களைச் சென்ற ஆண்டு மதிப்பெண்களோடு வைத்துப் பார்க்கிறோம். அது சீர்தூக்கல், எனவே 'வித்'. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்களோடு வைத்துப் பார்ப்பதற்கும் இலக்கணம் 'வித்' என்றே விதிக்கிறது. ஆயினும் பெற்றோர் அதனைச் செய்யாதிருப்பதே நன்று.