முகவரிச் சீட்டு போதாது: குடிநோய் மீட்புக் குழுக்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

குடிநோய்க்குச் சிகிச்சை முடித்து வீடு திரும்புகிறவர், தம் ஊர்ப் பக்கத்தில் சேர ஒரு மீட்புக் குழுவை எப்படிக் கண்டுபிடிப்பார்? இன்று அது அவர் பாடு, அவர் குடும்பத்தின் பாடு என்றே விடப்பட்டிருக்கிறது. இதை மாற்ற வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. நோயாளியை ஒரு குழுவில் சேர்த்துவிடுவது, சிகிச்சை அளித்த இடத்தின் கடமை. பேருந்தில் போய் இரவுக்குள் வீடு திரும்பும் தூரத்தில் அப்படியொரு குழு கூடுவதற்கு இடவசதி செய்து தருவது அரசின் கடமை.

ஏன் இதை வலியுறுத்துகிறோம்?

நாள் தவறாமல் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் மாயக்காட்சிகளும் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, குடியை நிறுத்தும் கட்டம் மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். எந்தக் குழுவும் மருத்துவத்துக்கு மாற்றாகாது. ஆனால், அந்த ஆபத்தான கட்டம் சில நாளில் கடந்துவிடும். குடிக்காமல் வாழப் பழகுவதற்கோ ஆண்டுகள் பிடிக்கும். வார்டிலிருந்து வெளியேறும் நாளில் நோயாளியின் கையில் மாத்திரைச் சீட்டும் மறுபடி வரவேண்டிய தேதியும் இருக்கின்றன. அந்தத் தேதிவரை ஒவ்வொரு மாலையும் அவர் யாரோடு இருப்பது? டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 வரை இருக்கிறது. பழைய கூட்டாளிகள் அங்கேயே இருக்கிறார்கள்.

அந்த மாலை நேரத்தைத்தான் மீட்புக் குழு நிரப்புகிறது. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியிலிருந்து மீளப் போராடிய பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இருவர் சந்தித்ததில் பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.). தமிழகத்திலும் ஏ.ஏ. கூட்டங்கள் பல ஊர்களில் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்ல வேண்டாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே சேரத் தகுதி. பல ஆண்டு குடிக்காதவரும் நேற்றுவரை குடித்தவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து தம் கதையைச் சொல்கிறார்கள். உபதேசம் இல்லை. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென 1951இல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் தனியே உண்டு.

இவ்வளவு இருந்தும் பலர் அந்த வாசலை மிதிப்பதில்லை. காரணம் கூச்சம். முகவரி சொன்னால் மட்டும் போதாது என்பதை 1981இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறு ஆய்வு தெளிவாகக் காட்டியது. 20 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குக் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் மட்டும் சொல்லப்பட்டன, ஒருவரும் போகவில்லை. மற்றப் பிரிவினரை, ஆலோசகர் தம் முன்னிலையிலேயே ஒரு குழு உறுப்பினரோடு தொலைபேசியில் பேசவைத்தார். அத்தனை பேரும் போனார்கள். 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. நோயாளியை முறையாக ஏ.ஏ.யோடு இணைக்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமலிருக்கச் செய்வதில் மற்ற உளவியல் சிகிச்சைகளை விஞ்சியது என்பது அதன் முடிவு.

இந்தியாவில் மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருப்பதாக, மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அப்படி அரிதாகச் சிகிச்சைக்கு வந்த ஒருவரையும் வீடு திரும்பிய மறுவாரம் இழப்பதை நாங்கள் ஏற்க முடியாது.

எங்கள் கோரிக்கைகள்

1. அரசு, தனியார் எதுவானாலும், ஒவ்வொரு மீட்பு மையமும் நோயாளி வார்டில் இருக்கும்போதே உள்ளூர்க் குழு உறுப்பினர் ஒருவரை வரவழைத்து அறிமுகப்படுத்த வேண்டும். முதல் கூட்டத்துக்கு நோயாளியோடு யார் போவது என்பது முடிவான பின்பே டிஸ்சார்ஜ் நடக்க வேண்டும். நோயாளியின் சம்மதம் இதற்குக் கட்டாயம்.

2. ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியத்திலும் வாரம் ஒரு மாலையாவது சமுதாயக் கூடமோ பள்ளி அறையோ குறைந்த வாடகைக்குக் கிடைக்க வேண்டும். ஏ.ஏ. குழுக்கள் வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. அரசு இடம் கொடுக்கட்டும். வருகைப் பதிவேடு கேட்கக் கூடாது.

3. குடிநோயுள்ள பெண்கள் ஆண்கள் நிறைந்த அறைக்குள் வரத் தயங்குகிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு பெண்கள் குழுவாவது உருவாக உதவ வேண்டும்.

4. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லி விற்கும் மருந்துகளைத் தடுக்க வேண்டும். மதுவோடு சேர்ந்தால் கடும் எதிர்விளைவு தரும் டைசல்ஃபிரம் போன்ற மருந்து உள்ளே இருப்பதை அறியாமல் ஒருவர் குடித்தால் உயிரே போகலாம். அடித்தும் கட்டிவைத்தும் 'திருத்தும்' இடங்களின் மீது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் பாய வேண்டும்.

குடும்பங்களுக்கு

இன்றே உதவி தேவையென்றால் 14446 என்ற தேசிய போதை மீட்பு எண்ணையோ 14416 என்ற டெலி-மானஸ் எண்ணையோ கட்டணமின்றி அழையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் அருகிலுள்ள குழுவைப் பற்றிக் கேளுங்கள். ஒரு குழு ஒத்துவரவில்லை என்றால் வேறொன்றுக்குப் போய்ப் பாருங்கள். மீண்டும் குடித்துவிட்டாலும் குழுவின் கதவு மூடாது. திரும்பப் போகச் சொல்லுங்கள்.

எங்கள் பங்காக ஓர் உறுதி தருகிறோம். எந்த மீட்பு மையம் அழைத்தாலும், புதிதாக மீளும் ஒருவரை முதல் கூட்டத்துக்கு அழைத்துச் செல்ல, குடியிலிருந்து மீண்ட எங்கள் உறுப்பினர் ஒருவர் வருவார். மையங்கள் அழைக்கத் தொடங்கட்டும்.