சுவருக்குப் பின்னால் ஒரு பெயர்

2025-ம் வருஷம் ஜூன் மாதம் 5-ந் தேதி ஜப்பான் தேசத்து நின்டெண்டோ கம்பெனியார் ‘ஸ்விட்ச் 2’ என்னும் புதிய விளையாட்டு யந்திரத்தை வெளியிட்டார்கள். நாலே நாளில் உலகமெங்கும் 35 லட்சத்துக்கு மேல் விற்றுப் போயிற்று. அந்தச் செய்தி வந்த தினத்திலிருந்து நமது மருமானுக்குச் சோறு இறங்கவில்லை. பையனுக்கு வயது 13. அவனிடம் இருப்பதோ 2017-ம் வருஷத்துப் பழைய ஸ்விட்ச். “புதியதில் திரை பெரிது, மாமா! படம் இன்னும் தெளிவு. கைப்பிடிகள் காந்தத்தினாலேயே ஒட்டிக்கொள்ளுமாம்!” என்று அடுக்கிக் கொண்டே போனான்.

“எல்லாம் சரிதான், அப்பனே! அதற்குள்ளே யாராவது எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா?” என்று கேட்டோம்.

பையன் நம்மைப் பரிதாபத்துடன் பார்த்தான். நேயர்களும் அவ்விதமே பார்க்கக் கூடும். ஆகையால் நமது கேள்விக்கு நியாயம் சொல்ல வேண்டியது நம்முடைய கடமையாகிறது.

வீடியோ விளையாட்டு விஷயத்தில் நமக்குச் சற்றுப் பைத்தியம் உண்டு என்பதை முன்னதாகவே ஒப்புக்கொண்டு விடுகிறோம். ஆனால் யந்திரத்தின் வேகமும் திரையின் அகலமும் நமக்கு அவ்வளவு பெரிய காரியங்களாகத் தோன்றுவதில்லை. விளையாட்டைச் செய்தவன் ஆட வருகிறவனுக்காக ரகசியமாய் எதையோ ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போகிறானே, அதில்தான் நமக்கு ருசி. இந்தத் தொழிலில் புகழ் பெற்ற முதல் ரகசியம் புதையலும் அல்ல, மாய வாளும் அல்ல. அது ஒரு மனிதருடைய பெயர்.

அமெரிக்காவில் அட்டாரி என்று ஒரு கம்பெனி இருந்தது. 1976-ல் வார்னர் கம்பெனியார் அதை விலைக்கு வாங்கினார்கள். மறு வருஷம் அட்டாரி வெளியிட்ட யந்திரத்தை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து, அதில் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியைச் செருகினால் திரையில் விளையாட்டுத் தோன்றும். இன்று ஒரு பெரிய விளையாட்டை உண்டாக்க நூற்றுக்கணக்கான பேர் வேண்டும். அக்காலத்தில் ஒரு விளையாட்டுக்கு ஒரே ஆள்தான். கதை, படம், சத்தம், கணக்கு எல்லாம் அவர் ஒருவருடைய மூளையிலிருந்தே வர வேண்டும். அப்படியிருந்தும் பெட்டியின் மேல் கம்பெனியின் பெயர் இருக்கும். செய்தவரின் பெயர் மட்டும் இராது.

வாரன் ராபினெட் என்ற வாலிபர் அங்கே வேலை பார்த்தார். ‘அட்வெஞ்சர்’ என்ற விளையாட்டை அவர் செய்ய முற்பட்ட போது, அவருடைய மேலதிகாரி அது நடக்காத காரியம் என்று தடுத்தாராம். தடுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. விளையாட்டு முழுவதையும் 4,096 பைட் இடத்துக்குள் அடக்க வேண்டும். நேயர்கள் இப்போது படித்துக் கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையைக் கணினியில் தமிழெழுத்தில் சேமித்தால், அதைப் போல் பல மடங்கு இடம் பிடிக்கும்! அந்தச் சிறிய இடத்துக்குள் ராபினெட் மூன்று கோட்டைகளையும், மூன்று டிராகன்களையும், கையிலிருப்பதைத் தட்டிப் பறித்துக் கொண்டு போகும் ஒரு திருட்டு வௌவாலையும், பல புதிர் வழிகளையும் வைத்தார். கதாநாயகன் வெறும் சதுரம். டிராகன்களைப் பார்த்தால், உள்ளபடி சொல்லப் போனால், வாத்துக்களைப் போல் இருக்கும். என்றாலும் ஆடுகிறவனின் நெஞ்சு அடித்துக் கொள்வது என்னவோ நிஜம்.

இந்த விளையாட்டு ஏறக்குறைய பத்து லட்சம் விற்றது. விலை ஒன்றுக்கு 25 டாலர். ராபினெட்டின் சம்பளம் வருஷத்துக்கு 22,000 டாலர். விற்பனையில் அவருக்குப் பங்கு கிடையாது. பங்கு இல்லாவிட்டால் போகிறது, பெயராவது உண்டா என்றால் அதுவும் இல்லை. மனிதர் சண்டை போடவில்லை, மனுக் கொடுக்கவில்லை. ஒருவரிடமும் மூச்சு விடாமல் தம் பெயரை விளையாட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார்.

பூட்டிய விதம்தான் ரஸமானது. கறுப்புக் கோட்டையின் புதிர் வழியில், நாலு புறமும் அடைபட்ட ஓர் அறை இருக்கிறது. பாலம் என்ற பொருளைச் சுமந்து சென்று சுவரின் குறுக்கே வைத்தால்தான் அதற்குள் நுழையலாம். அறைக்குள் ஒரு சாம்பல் நிறப் புள்ளி. தரையும் சாம்பல் நிறம். ஆகவே கண்ணுக்குத் தெரியாது. தடவித்தான் எடுக்க வேண்டும். எடுத்த புள்ளியைப் பொற் கோட்டைக்கு அருகில் ஒரு மெல்லிய கோடு சுவராக நிற்கும் இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே வேறு இரண்டு பொருள்களையும் கொண்டு வந்து போட வேண்டும். அந்த ஏழை யந்திரத்துக்கு ஒரே சமயத்தில் இரண்டு பொருள்களுக்கு மேல் திரையில் நிலையாகக் காட்டும் சக்தியில்லை. மூன்றாவது வந்தால் எல்லாம் மினுக்கத் தொடங்கும். அந்த மினுக்கலில் சுவரும் மினுக்கும். அப்போது அதன் வழியாகப் புகுந்து அப்பால் போய்விடலாம். அப்பால் உள்ள அறையில், திரையின் நடுவில், மேலிருந்து கீழாக, நிறம் மாறி மாறிப் பிரகாசிக்கும் எழுத்துக்களில், இதைப் படைத்தவர் வாரன் ராபினெட் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்.

யந்திரத்தின் பலவீனத்தையே சாவியாகச் செய்த சாமர்த்தியத்தைக் கவனியுங்கள்! இடத்துக்கு அவ்வளவு பஞ்சமாயிருந்த விளையாட்டில், ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கை அவர் தம் கையெழுத்துக்காகச் செலவழித்திருந்தார். 1979-ல் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கம்பெனியை விட்டும் போய்விட்டார்.

1980-ல் ஸால்ட் லேக் நகரத்திலிருந்து 15 வயதுப் பையன் ஒருவன் அட்டாரிக்குக் கடிதம் எழுதினான். புள்ளியையும் சுவரையும் பெயரையும் தான் கண்டுபிடித்துவிட்டதாக அதில் விவரித்திருந்தான். காரியாலயத்தில் ஒரே குழப்பம். பெயரை நீக்கிவிடலாமா என்று யோசித்தார்கள். ஆனால் கார்ட்ரிட்ஜில் உள்ளது தொழிற்சாலையில் சில்லில் நிரந்தரமாகப் பதிக்கப்படுவது. அதற்குப் புதிய அச்சுச் செய்வதென்றால் 10,000 டாலர் பிடிக்கும். திருத்தும் வேலை பிராட் ஸ்டூவர்ட் என்ற புரோகிராமரிடம் போயிற்று. அவரோ, தாம் திருத்தினால் அந்த இடத்தில் “திருத்தியவர் பிராட் ஸ்டூவர்ட்” என்று போட்டுவிடுவதாகச் சொன்னாராம். கடைசியில் ஸ்டீவ் ரைட் என்ற அதிகாரி ஒரு யுக்தி சொன்னார். ஈஸ்டர் பண்டிகையன்று குழந்தைகள் தேடி எடுப்பதற்காகப் பெரியவர்கள் தோட்டத்தில் வர்ண முட்டைகளை ஒளித்து வைப்பதுண்டல்லவா? அது போல் இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் அவர். அன்று முதல் இப்படிப்பட்ட ரகசியங்களுக்கு ‘ஈஸ்டர் முட்டை’ என்று பெயர் வந்துவிட்டது. திருட்டுத்தனமாக வைத்த கையெழுத்து, கம்பெனி வழங்கும் பரிசாக மாறிய விந்தை இதுதான்!

ராபினெட்டுக்கு முன்னாலும் இத்தகைய காரியம் நடந்திருக்கிறது. 1977-ல் அட்டாரியார் செய்த ‘ஸ்டார்ஷிப் 1’ என்ற காசு போட்டு ஆடும் யந்திரத்தில் ரான் மில்னர் என்பவர் தமக்குத் தாமே ஒரு வணக்கத்தை ஒளித்து வைத்திருந்தார். சரியான வரிசையில் பொத்தான்களை இயக்கினால் “ஹை ரான்!” என்று திரையில் வரும், கூடவே பத்து ஆட்டம் இனாம். இது உலகத்துக்குத் தெரிய வந்தது 2017-ல். நாற்பது வருஷம் அந்த வணக்கம் பதில் வணக்கத்துக்காகக் காத்திருந்திருக்கிறது.

எல்லோரும் இப்படிப் பொறுமையாய் ஒளித்து வைத்துக் கொண்டிருக்கவில்லை. அட்டாரியிலிருந்த டேவிட் க்ரேன் முதலிய நாலு புரோகிராமர்கள் தலைவரிடமே நேரில் போய்ப் பெயரும் பங்கும் கேட்டார்கள். தலைவர் துணித் தொழிலிலிருந்து வந்தவர். பெட்டியில் சாமானைப் பூட்டுகிற தொழிலாளிக்கு மேல் நீங்கள் ஒன்றும் உசத்தியில்லை என்ற கருத்தில் அவர் பதில் சொன்னதாகப் பிற்காலத்தில் க்ரேன் கூறியிருக்கிறார். நால்வரும் வெளியேறி 1979-ல் ஆக்டிவிஷன் கம்பெனி ஆரம்பிப்பதில் சேர்ந்தார்கள். அதன் விளையாட்டுகளில் செய்தவரின் பெயர் பகிரங்கமாகவே இடம் பெற்றது. (தொழிலாளியைச் சொல்லித்தானே தலைவர் அவமதித்தார்? பூட்டுகிறவரின் பெயரையும் போட்டிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று நமக்கு ஒரு எண்ணம். அது போகட்டும்.)

மறதியினாலேயே பிறந்த ரகசியமும் ஒன்று உண்டு. ஜப்பானில் கோனாமி கம்பெனியைச் சேர்ந்த கஸுஹிஸா ஹஷிமோட்டோ 1986-ல் ‘கிரேடியஸ்’ விளையாட்டை வீட்டு யந்திரத்துக்காகத் தயாரித்த போது, சோதித்துப் பார்ப்பதற்கே அது தமக்கு மிகவும் கடினமாயிருக்கக் கண்டார். ஆகவே சகல ஆயுதங்களையும் ஒரே நொடியில் தரும் ஒரு மந்திரத்தைத் தமக்காக வைத்துக் கொண்டார். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ! பிறகு அதை எடுக்க மறந்துவிட்டார். 1988-ல் வந்த ‘கான்ட்ரா’ விளையாட்டில் இதே மந்திரம் 30 உயிர்கள் கொடுத்தது. நாம் ‘கான்ட்ரா’வை முடித்தது எப்படி என்று எவரும் கேட்க வேண்டாம். ஹஷிமோட்டோ 2020-ல் காலமானார்.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு பெயர்த் தகராறு தீர்ந்திருக்கும் என்று நேயர்கள் எண்ணலாம். இப்போது விளையாட்டு முடிந்ததும் சினிமாவில் வருவது போல் நீளமான பெயர் ஜாபிதா ஓடுவது உண்மையே. ஆனால் 2021-ல் ‘மெட்ராய்டு டிரெட்’ வெளியான போது, பல மாதம் அதில் உழைத்த சிலர் ஜாபிதாவில் தங்கள் பெயரைத் தேடிக் காணாமல் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்கள். அதைச் செய்த ஸ்பெயின் தேசத்துக் கம்பெனி, மொத்தத் தயாரிப்புக் காலத்தில் நூற்றுக்கு 25 பங்காவது வேலை செய்திருந்தால்தான் பெயர் போடுவது தங்கள் வழக்கம் என்று பதில் சொல்லிற்று. ராபினெட்டின் சாம்பல் புள்ளிக்கு இன்னும் வேலை இருக்கிறது!

இனி நமது மருமானின் பழைய ஸ்விட்சுக்கு வருவோம். நின்டெண்டோவின் தலைவராயிருந்த ஸடோரு இவாடா, தலைவராவதற்கு வெகு காலம் முன்பு புரோகிராம் எழுதுகிறவராக இருந்தவர். 1984-ல் வெளியான ‘கால்ப்’ என்ற விளையாட்டின் புரோகிராமை எழுதியவர் அவரே. 2015-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி, 55 வயதில், அவர் காலமானார். 2017 மார்ச்சில் ஸ்விட்ச் வெளிவந்தது. அந்த வருஷம் செப்டம்பரில், யந்திரத்தின் உட்புறத்தை ஆராய்கிற சிலர், ஒவ்வொரு ஸ்விட்சுக்குள்ளும் அந்தப் பழைய ‘கால்ப்’ ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். யந்திரத்தின் நாள்காட்டி ஜூலை 11 என்று காட்ட வேண்டும். இவாடா தமது ஒளிபரப்புகளில் செய்வது போல் இரண்டு கைகளையும் நேராக முன்னால் நீட்ட வேண்டும். அப்போது திரையில் விளையாட்டு எழுந்து வரும். இறந்த நண்பருக்கு இப்படி ஒரு நினைவுச் சின்னம்! அதைக் கல்லில் செதுக்காமல், விளம்பரம் செய்யாமல், லட்சக்கணக்கான வீடுகளில் ரகசியமாய்க் கொண்டு வைத்தவர்கள் யாரோ, அவர்களை நாம் மனமார வணங்குகிறோம்.

ஆனால் அந்த வருஷம் முடிவதற்குள் அது யந்திரங்களிலிருந்து மறைந்துவிட்டது. தந்தியில்லாக் கம்பி வழியாக ஓசையின்றி வந்த ஒரு புதுப்பிப்பு அதை எடுத்துக் கொண்டு போய்விட்டது.

1980-ல் ஒரு பெயரை அழிக்க 10,000 டாலர் பிடித்தது. விற்றுப் போன கார்ட்ரிட்ஜ்களை அந்தத் தொகையினாலும் தொட முடியாது. இப்போதோ செலவேயில்லை, நம் வீட்டு அலமாரியில் இருப்பதையும் அவர்கள் ஊரிலிருந்தே மாற்றிவிடலாம். புதுப்பிப்பு என்பதே தீங்கு என்று நாம் சொல்லவில்லை. பிழை திருத்தி வருகிற அவை இல்லாவிட்டால் பல விளையாட்டுகள் நடுவழியில் நின்றுவிடும். எனினும் ஸ்விட்ச் 2-க்கு வந்துள்ள ‘சாவி அட்டை’யை நினைத்தால் நமக்குக் கவலை உண்டாகிறது. கடையில் காசு கொடுத்து வாங்கும் அந்த அட்டைக்குள் விளையாட்டு இல்லை. விளையாட்டைத் தருவித்துக் கொள்ளும் அனுமதி மட்டுமே இருக்கிறது. ‘ஸைபர்பங்க் 2077’ போன்ற பிரம்மாண்டமான விளையாட்டையே முழுவதும் அட்டையில் அடக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதால், முடியாத காரியம் என்று சொல்லிவிடுவதற்கும் இல்லை. ஜப்பானியப் பார்லிமெண்டு நூல்நிலையம் 2000-ம் வருஷம் முதல் விளையாட்டுகளையும் புத்தகங்களைப் போல் சேகரித்துப் பாதுகாத்து வருகிறது. சாவி அட்டைகளில் உள்ளடக்கம் இல்லாததால் அவற்றைச் சேகரிக்க இயலாது என்று 2025-ல் அந்த நூல்நிலையத்தார் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இப்போது கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ விளையாட்டுச் சரித்திர ஸ்தாபனம் 2023-ல் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. நூல்நிலையமும் வைக்காது, கடையிலும் கிடைக்காது என்றால், அதில் தம் பெயரை ஒளித்து வைத்தவரின் கதி என்ன?

இதையெல்லாம் மருமானிடம் சொன்னோம். பையன் வெகு நேரம் பேசாதிருந்தான். பிறகு, “என் ஸ்விட்சிலும் அந்தக் கால்ப் இருந்ததா, மாமா?” என்றான்.

“இருந்தது.”

“நான் அதை எத்தனையோ தடவை புதுப்பித்துவிட்டேனே!”

அதற்கு நாம் என்ன சொல்வது? ஆனால் ஜூலை 11-ந் தேதி வந்த போது நமக்குச் சும்மா இருக்க மனம் வரவில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பாடு முடிந்து கண்ணயர்ந்த சமயம் பார்த்து, பையனுடைய யந்திரத்தைத் திறந்து, ஒவ்வொரு கையிலும் ஒரு பிடியை எடுத்துக் கொண்டு, திரைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் நேராக நீட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் நீட்டினோம். பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“என்ன மாமா, இந்த வேளையில் தேகப் பயிற்சியா?” என்றாள் மருமானின் தங்கை.