பாரிசவாதமும் பரம்பரையும்

கம்பளையிலும் அதனைச் சூழவுள்ள தோட்டங்களிலும் ஒருவர் பாரிசவாதத்தால் பீடிக்கப்பட்டால், "தகப்பனுக்கும் இதுதானே வந்தது" என்று உறவினர் கூறுவது வழமை. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், அவ்வுண்மையின் அளவை அறியாதவிடத்து, அது தலைவிதிக்கு விஞ்ஞானப் போர்வை போர்த்துவதாகவே முடியும்.

2022 ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான ஜிகாஸ்ட்ரோக் ஆய்வு, ஒரு இலட்சத்துப் பத்தாயிரத்துக்கும் அதிகமான நோயாளரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்து, பாரிசவாதத்துடன் தொடர்புடைய 89 இடங்களை இனங்கண்டது. பொதுவாகக் காணப்படும் இத்தகைய வேறுபாடு ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டுகிறது. நொட்ச்-3 மரபணுப் பிறழ்வால் ஏற்படும் கடாசில் போன்ற அரிய பரம்பரை நோய்கள் வேறு வகையின. இவ்வேறுபாடுகளுட் சில குருதி அமுக்கத்தின் ஊடாகவே வேலை செய்கின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. 32 நாடுகளில் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வோ, மாற்றியமைக்கக்கூடிய பத்துக் காரணிகள் ஆபத்தின் சுமார் 90 சதவீதத்துடன் தொடர்புடையவை எனக் கண்டது. அவற்றில் முதலிடம் உயர் குருதி அமுக்கத்துக்கே. தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவது மரபணு மாத்திரமல்ல; உப்புக் கருவாடும் புகையிலையும் கூடத்தான்.

நோய் வந்த பின் பிழைத்தெழுவதிலும் மரபணுவுக்குப் பங்குண்டா? 2019 இல் வெளியான ஓர் ஆய்வு, பாட்ஜ் என்னும் மரபணுவின் சில வேறுபாடுகளை உடையோர் மூன்று மாதங்களின் பின்னரும் குறைவாகவே தேறியதாகக் கூறியது. ஆனால் ஆராயப்பட்டவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். ஜிகாஸ்ட்ரோக்கிலும் தெற்காசியர் மிகச் சிறு பங்கினரே. நமது மலையகத்தவருக்கு இவை எவ்வளவு பொருந்தும் என எவரும் அடித்துக் கூற முடியாது.

மாறாக, இன்றே நம்மைத் தொடும் விடயம் ஒன்றுண்டு. பாரிசவாதம் மீண்டும் வராதிருக்க நமது வைத்தியசாலைகளிலும் கொடுக்கப்படும் குளோபிடோகிரெல் மாத்திரை, ஈரலில் சிவைபி2சி19 எனும் நொதியத்தால் மாற்றமடைந்த பின்னரே பயன் தரும். இந்நொதியத்தைப் பலவீனப்படுத்தும் மரபணு வேறுபாடு ஐரோப்பியரை விடத் தெற்காசியரிடம் அதிகம். 2021 இல் வெளியான சீன ஆய்வொன்றில், இவ்வேறுபாடு உடையோருள் குளோபிடோகிரெல் பெற்றவர்களில் 7.6 சதவீதத்தினருக்கு 90 நாட்களுக்குள் பாரிசவாதம் மீண்டது. டிகக்ரெலோர் பெற்றோரில் அது 6 சதவீதமே. பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2024 இல் இதற்கான மரபணுப் பரிசோதனையைப் பரிந்துரைத்தது. இலங்கையிலோ மாத்திரை அனைவருக்கும் ஒன்றாகவே வழங்கப்படுகிறது. இதனால் எவரும் தாமாக மருந்தை நிறுத்திவிடலாகாது. கேள்வி சுகாதார அமைச்சுக்கு உரியது.

அதற்காக அடிப்படைகளை மறந்து மரபணுப் பரிசோதனைக்கு ஓடுவதும் வீண். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும். அதற்கு முன் சீ.ரி. ஸ்கான் எடுத்து மூளையில் இரத்தக் கசிவு இல்லையென உறுதி செய்யவேண்டும். புசல்லாவைக்கு அப்பாலுள்ள லயமொன்றிலிருந்து பிரதான வீதிக்கு வரும்போதே அதில் எவ்வளவு கழிந்துவிடுகிறது! 1990 அம்புலன்ஸ் சேவை 2019 முதல் நாடெங்கும் உண்டு. ஆயினும் வாய் கோணியவுடன் அதனை அழைப்போர் எத்தனை பேர்?

பேராதனை மருத்துவ பீடம் கம்பளைக்கு வெகு தொலைவில் இல்லை. குளோபிடோகிரெல் உட்கொள்ளும் நோயாளரிடையே இந்நொதிய வேறுபாடு எவ்வளவு பரவியுள்ளது என்பதைத் தோட்டங்களையும் சேர்த்து அளவிடுவதற்கு, பெரும் செலவு பிடிக்கும் ஆய்வுகூடங்கள் தேவையில்லை. தேவைப்படுவது அமைச்சின் அனுமதியும் சிறு நிதி ஒதுக்கீடுமே.