பாட்டுப் பெட்டிக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் போதுமா?

வீட்டில் சேர்த்து வைத்த பாட்டுகளை ஒரே இடத்தில் போட்டு, எந்த அறையிலிருந்தும் கேட்க ‘நாஸ்’ பெட்டி வாங்கலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். வாங்கலாம். ஆனால், எதைக் காப்பாற்றப் போகிறோம் என்பதைக் கடைக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சினிமாப் பாட்டு அழிந்தால் இணையத்தில் மறுபடியும் கிடைத்துவிடும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பதிந்த உருமி மேளமும், பாட்டி பாடிய தாலாட்டும் அப்படிக் கிடைக்காது. ஜெலாப்பாங்கில் எங்கள் பக்கம், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் நிறைய. அவர்கள் அலமாரியில் இருக்கும் கேசட்டுகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஐந்து நிமிடப் பாட்டு, உயர்தர எம்பி3 கோப்பாக இருந்தால் சுமார் 12 மெகாபைட். தரம் குறையாத ‘ஃபிளாக்’ கோப்பாக இருந்தால் ஏறக்குறைய 30. அப்படிப் பார்த்தால் 1 டெராபைட்டில் 30,000 ஃபிளாக் பாட்டுகள் அடங்கும். கேசட்டிலிருந்து மாற்றும்போது ஃபிளாக்கிலேயே சேமியுங்கள். வேண்டும்போது அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம்.

வேகத்துக்காகவும் அதிகம் செலவழிக்க வேண்டாம். சிடி தரப் பாட்டுக்கு நொடிக்கு 1.4 மெகாபிட் போதும். வீடியோ பார்க்கும் எண்ணம் இல்லையென்றால், சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்களின் இரண்டு டிஸ்க் போடும் சாதாரண மாடலே தாராளம். டிஸ்க் சுழலும் சத்தம் கேட்கும் என்பதால், பாட்டுக் கேட்கும் அறையில் வைக்காமல் ரவுட்டர் பக்கத்தில் வைத்து கேபிளில் இணையுங்கள்.

“ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்றில் இருக்கும்” என்பார் கடைக்காரர். ‘ரெய்டு 1’ முறையில் அமைத்தால் அது உண்மைதான். ஆனால் பிள்ளை கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால், அந்த நொடியே இரண்டிலும் அழிந்துவிடும். ஈப்போவில் சாயங்கால இடிமழைக்குப் பஞ்சமில்லை. மின்னல் தாக்கினால் ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டும் சேர்ந்தே போகலாம். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ பெட்டிகளை இணையம் வழியாக யாரோ தாக்கினார்கள். பல நாடுகளில் மக்கள் சேமித்து வைத்தவை அழிந்தன. இணையத்தில் ஏற்றிவிட்டால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. ‘மைஸ்பேஸ்’ தளம் 2003 முதல் 2015 வரை தன்னிடம் ஏற்றப்பட்ட பாட்டுகளைத் தொலைத்துவிட்டதாக 2019இல் தெரியவந்தது.

ஆகவே, பெட்டிக்கு வெளியே இன்னொரு நகல் கட்டாயம் வேண்டும். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை நகலெடுத்து, கழற்றி, அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். நாஸ் பெட்டியை யுபிஎஸ் வழியாக மின்சாரத்தில் இணையுங்கள். வெளியிலிருந்து இணையம் வழியாக அதைத் திறக்கும் வசதியை மூடி வையுங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால், நாஸ் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, இரண்டு வீட்டில் வையுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைப்பதையும் தள்ளிப் போடாதீர்கள். பாடியது யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று தமிழிலேயே எழுதுங்கள். ‘டிராக் 01’ என்றே விட்டுவைத்தால், நாளைக்கு இடம் போதவில்லை என்று பேரப்பிள்ளை முதலில் அழிப்பது அதைத்தான்.