லீவுதான், ஆனால் சம்பளம் இல்லாத லீவு

கொரோனா வந்த 2020-ஆம் வருஷத்தைப் பற்றி யார் கட்டுரை எழுதினாலும், யார் மேடையில் பேசினாலும் ஒரு வரி கட்டாயம் வந்துவிடுகிறது. "ஊரடங்கு நம் குடும்பங்களை ஒன்று சேர்த்தது" என்பதுதான் அது. அந்த வரி பாதி உண்மை என்பது என் கருத்து. மீதிப் பாதியை நம்ம ஊர்க்காரங்க யாராவது எழுதினால்தான் உண்டு. அதனால் நான் எழுதுகிறேன்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை சுய ஊரடங்கு. 24-ஆம் தேதி சாயங்காலம் தமிழ்நாட்டில் 144 தடை. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. நான் அப்போ மூணாம் வகுப்பு. பரீட்சை இல்லாமலே எல்லாரும் பாஸ் என்றதும் எங்க தெருப் பிள்ளைகள் போட்ட ஆட்டம் இருக்கிறதே!

எங்க அம்மாவும் அப்பாவும் பட்டாசு ஆபீசுக்குப் போகிறவர்கள். (வெளியூரிலிருந்து வந்த டீச்சர்களுக்காக: தொழிற்சாலையைத்தான் இங்கே ஆபீஸ் என்போம்.) அப்பாவுக்கு மருந்துக் கலவை வேலை. விடியும் முன்னே கிளம்பிப் போய், அலுமினியப் பவுடர் அப்பின கையோடு வருவாங்க. என்ன தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மினுமினுக்கும். ஊரடங்கில் பத்து நாள் போன பிறகுதான் அப்பாவின் நகம் என்ன நிறம் என்று பார்த்தேன். அந்தக் கையால் சோறு உருட்டிக் கொடுத்தாங்க. தாயக்கட்டம் போட்டு விளையாடினோம். அப்பத்தா எல்லாரையும் ஜெயிச்சாங்க.

இன்னொரு விஷயமும் இருக்கு. பகல் நேரத்தில் தூரத்தில் 'டம்' என்று கேட்டால் எங்க ஊர்ப் பொம்பளைகள் வாசலுக்கு ஓடி வந்து, எந்தப் பக்கம் புகை தெரியுது என்று பார்ப்பார்கள். அப்புறம் ஒவ்வொருத்தராகப் போன் போடுவார்கள். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இங்கே கிடையாது. ஆபீஸ் பூட்டிக் கிடந்த அந்த நாட்களில் இந்தப் பயம் மட்டும் இல்லை. உலகமே நோய்க்குப் பயந்து கிடந்தபோது எங்க அப்பத்தா, "இந்த ஒரு மாசமாத்தான் நான் மத்தியானம் கண்ணசருறேன்" என்றார்கள். இதை எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை.

இப்போ மீதிப் பாதி. எங்க வீடுகளில் வாரச் சம்பளம். சனிக்கிழமை வாங்கினால்தான் ஞாயிற்றுக்கிழமை கடைப் பாக்கி கொடுக்க முடியும். ஏப்ரல் 4 சனிக்கிழமை ஒன்றும் வரவில்லை. அடுத்த சனியும் இல்லை. ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து 1000 ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சீனியும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஜன்தன் கணக்கு உள்ள பெண்களுக்கு மத்திய அரசு மாதம் 500 ரூபாய் வீதம் மூணு மாதம் போட்டது. அதுவும் இல்லையென்றால் பட்டினிதான், நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் பாலும் காயும் அப்பத்தாவின் பிரஷர் மாத்திரையும் ரேஷனில் வராதே. குழுக் கடன் வேறு. தவணையைத் தள்ளிக் கட்டலாம் என்று ரிசர்வ் வங்கி மார்ச் 27-ல் சொன்னது. தள்ளிப்போனது தவணைதான், வட்டி தள்ளிப்போகவில்லை.

அம்மா கம்மலைக் கழற்றினாங்க. அடகுக் கடையும் பூட்டியிருந்ததால் தெரிந்தவர் வீட்டில் வைத்து வாங்கினாங்க. காதில் வேப்பங்குச்சி. ஏப்ரல் 5 ராத்திரி 9 மணிக்கு விளக்கேற்றச் சொன்னார்களே, அன்றைக்கு வடநாட்டில் சில ஊர்களில் வெடியும் போட்டார்களாம். அதைச் செய்து கொடுத்த எங்க தெருவில் அகல் விளக்கு மட்டும்தான் எரிந்தது!

டாஸ்மாக் பூட்டினதால் நிம்மதியாக இருந்த வீடுகளும் எங்க தெருவில் உண்டு. மே 7-ல் திறந்த அன்றைக்கே அந்த நிம்மதி போச்சு. அதற்கு மேல் எழுதினால் அடையாளம் தெரிந்துவிடும்.

மே மாதம் பாதி ஆட்களோடு ஆபீஸ் திறந்தது. ஒரு வாரம் அம்மாவுக்கு வேலை, மறு வாரம் வேறு ஆளுக்கு. தீபாவளியில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தால் டெல்லி, ராஜஸ்தான், ஒடிசா, மேற்கு வங்கம் எல்லாம் அந்த வருஷம் பட்டாசுக்குத் தடை போட்டன. போனசும் குறைந்தது. கம்மல் வீட்டுக்குத் திரும்பியது 2022 பொங்கலுக்குத்தான். சின்ன வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1. அதற்குள் எட்டாம் வகுப்புப் படித்த பக்கத்து வீட்டு அக்கா குழாய் சுத்தப் போய்விட்டார்கள். திரும்பி வரவே இல்லை. ஆக, நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது 40 நாள் சொச்சம். அதற்கான கடனைக் கட்டினது ஒன்றரை வருஷத்துக்கும் மேலே.

அரசு ஊழியர்களுக்கும் டீச்சர்களுக்கும் அந்த மாதங்களில் சம்பளம் வந்தது. அதில் தப்பே இல்லை, டீச்சர் யாரும் கோபிக்க வேண்டாம். இங்கிலாந்தில் வேலைக்குப் போக முடியாதவர்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதத்தை அரசாங்கமே கொடுத்ததாம். நம்ம ஆட்களுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்பதுதான் என் கருத்து. கொரோனா ஒரு தடவைதானே வந்தது என்று சொல்லாதீர்கள். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் ஆபீஸ்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. மழை பெய்தால் வேலை இல்லை. எங்கேயாவது விபத்து நடந்து சோதனை வந்தால் வேலை இல்லை. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அவர்களும் கொரோனாக் கடனோடுதான் அன்றைக்கு வேலைக்குப் போயிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும்.

தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்துக்கு உதவி தருகிறது. அடைப்பு நாட்களுக்கும் ஒரு தொகையை அதில் சேர்க்கலாம். முதலில் நம்ம வீடுகளில் அந்த வாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறதா என்று இன்றைக்கு ராத்திரி கேளுங்கள். 2020-ல் உங்க வீட்டில் என்ன அடகுக்குப் போனது, எப்போ திரும்பியது என்பதையும் கேளுங்கள். பெயர் போடாமல் எழுதினால் போதும். இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுவதற்கு இடம் விட்டிருக்கிறேன்.

— 9-ஆம் வகுப்பு மாணவி